கிணத்தடியில் வழுக்கிய கை

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே கடற்கரையோரம் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. 140 குடும்பம், பாதிக்கு மேல் கடற்றொழில். நான் இங்கே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீட்டில் இரவானால் அடிச்சத்தம். புருசன் குடித்துவிட்டுப் பெண்சாதியை அடிக்கிறார்; சம்மாட்டியின் (படகுச் சொந்தக்காரரின்) படகில் மட்டும் அமைதியான மனிசர். போன மாதம் அந்தப் பிள்ளைக்கு இடது கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்" என்று சொன்னாளாம். அதே மாதம் கோயில் திருவிழாவின் கடைசி இரவு எங்கள் பொடியன்களுக்கும் பக்கத்து ஊர்ப் பொடியன்களுக்கும் அடிபாடு. ஒருவனுக்குப் போத்தலால் குத்தி 14 தையல்.

இப்போது கோயில் தலைவர் "ஊர்க் கட்டுப்பாட்டுக் குழு" ஒன்று போடவேண்டும் என்கிறார். வீட்டுக்குள்ளோ வெளியிலோ கை நீட்டுகிறவர் 10,000 ரூபாய் தண்டம் கட்டி, கோயில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். விளையாட்டுக் கழகப் பொடியன்கள் இன்னும் மேலே போய், "எங்களிட்ட விடுங்கோ, ரெண்டு போட்டாத் திருந்துவார்" என்கிறார்கள். பெண்கள் சார்பில் என்னைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். பொலிசுக்குப் போனால் "சமாதானமாப் போங்கோ" என்றுதான் அனுப்புவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் "உனக்கேன் ஊர்வம்பு" என்கிறார். நான் இந்தக் குழுவில் இருக்கலாமா? அந்தப் பிள்ளையைக் குழாயடியில் கண்டால் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம்.

பதில்:

தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது அந்த இடது கையில்தான். முறிந்தது எந்த எலும்பு?

வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். ஊன்றினால் பெரும்பாலும் முறிவது மணிக்கட்டை ஒட்டிய இடம், பெருவிரல் பக்கத்து எலும்பு. முகத்துக்கு வருகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறவருக்கு முறிவது முன்னங்கையின் நடுப்பகுதி, சின்னவிரல் பக்கத்து எலும்பு. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வயதான எலும்பு டொக்டர் ஒருவர் எக்ஸ்ரேப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து இதைக் காட்டித் தந்தார். "இது விழுந்த கை இல்லைப் பிள்ளை, தடுத்த கை" என்றார். இதை வைத்து நீங்கள் யாருக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது, விதிவிலக்குகள் உண்டு. ஆனால் கவனிக்கத் தெரிந்த டொக்டரோ தாதியோ இன்னொரு கேள்வி கேட்க அது போதும்.

அந்தப் படத்துக்குரிய பெண்ணை என்னிடம்தான் அனுப்பினார்கள். உளவளத்துணை என்று கதவில் எழுதிய அறைக்குள் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். புருசனையும் கூப்பிட்டு, இரண்டு கதிரை போட்டு, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி "என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பில் ஒரு நூலை இழுத்தபடி "ஒண்டுமில்லை மிஸ், நான்தான் வாய் காட்டினனான்" என்றாள். அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். எனக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வரட்டா என்றுகூடக் கேட்டார். "விட்டுக்கொடுத்து நடவுங்கோ" என்று இருவருக்கும் பொதுவாகப் புத்தி சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்த திருப்தியோடு பஸ் ஏறினேன். 23 நாள் கழித்து அவள் திரும்பி வந்தபோது தாடை முறிந்திருந்தது. பேச முடியவில்லை, எழுதிக் காட்டினாள். 'மிஸ்ஸிட்ட என்னத்தைச் சொல்லப் பாத்தனீ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சவர்.'

உங்கள் கோயில் தலைவர் செய்ய நினைப்பதும் நான் அன்றைக்குச் செய்ததும் ஒன்றுதான். நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். அவர் ஊர் பார்க்கச் செய்யப் போகிறார்.

அந்த 10,000 ரூபாய் யாருடைய காசு என்று யோசித்தீர்களா? அவள் சீட்டுக்குக் கட்ட வைத்திருக்கும் காசு. அதுவும் இல்லையென்றால் அவள் காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். கோயில் வாசலில் குனிந்த தலையை அவர் எந்த இடத்தில் நிமிர்த்துவார்? வீட்டில்தான். பொடியன்கள் போடுகிற இரண்டும் வட்டியோடு அவளிடம் வந்து சேரும். போதாததற்கு, அடித்த பொடியன்கள் மேல் பொலிஸில் முறைப்பாடு விழும். வெளிநாட்டுக்குப் போக விண்ணப்பித்துவிட்டு இருக்கிறவன் பொலிஸ் அறிக்கை எடுக்கப் போகும்போது அதன் விலை தெரியும்.

ஊரே நீதிபதியாகித் தண்டனை கொடுக்கத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். எண்பதுகளில் மின்கம்பங்களில் என்ன நடந்தது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். நான் எழுதவில்லை.

அதற்காகக் குழுவை விட்டு விலகாதீர்கள். நீங்கள் விலகினால் அந்தக் கதிரையில் தலைவரின் மைத்துனர் வந்து இருப்பார். குழுவில் இருந்துகொண்டே அதன் பெயரையும் வேலையையும் மாற்றப் பாருங்கள். தண்டிக்கிற வேலை வேண்டாம். ஊரில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்கிற வேலையை அது எடுக்கட்டும்.

சிதறிக் கிடப்பது என்று ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊரைப் போன்ற இன்னொரு கரையோரக் கிராமத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். முன்பள்ளி விறாந்தை. பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சை முட்ட இருந்தோம். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிர் தப்பிவிட்டாள், ஆனால் வலது காது இனிக் கேட்காது. வந்திருந்தவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான். அவள் வீட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

குழந்தை நிறுக்க வந்தபோது மேற்கையில் நாலு விரல் பதிந்த அடையாளத்தைக் கண்டதாகக் குடும்பநல மாது சொன்னார். தைப்பொங்கலுக்கு முன்னம். மூத்தவன் வகுப்பில் தூங்கி விழுவான், கேட்டால் "ராத்திரி அம்மாவோட கடற்கரையில இருந்தனாங்கள்" என்பான் என்றார் ரீச்சர். கடைக்காரர், அவள் கையில் காசே இருப்பதில்லை, சவர்க்காரக் கட்டிக்கும் புருசன் வந்து கொப்பியில் கையெழுத்து வைத்தால்தான் என்றார். சம்மாட்டி, மாரி தொடங்கிக் கடல் அடைத்த பிறகு அவர் மூன்று தடவை முற்பணம் வாங்கினார், மூன்றும் கசிப்புக்குத்தான் போனது என்றார். கடைசியாகப் பக்கத்து வீட்டு ஆச்சி. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சத்தம் கேட்டா நான் ரேடியோவைக் கூட்டி வைச்சிருவன் பிள்ளை. பேரப்பிள்ளையளுக்குக் கேக்கக்கூடாதெண்டு" என்றார்.

விறாந்தையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் இருந்த துண்டைத் தனியே எடுத்தால் பொலிசுக்குக் கொண்டுபோகிற அளவுக்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆறு மாதத்துக்கு முன்னமே படம் தெளிவாகத் தெரிந்திருக்கும். அதைச் சேர்த்து வைக்க ஆள் இருக்கவில்லை.

உங்கள் நாலாவது வீடு ஊருக்குப் பிடித்த தனிச் சனியன் என்று நினைக்கவேண்டாம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு முழுக்க நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, கணவரோ துணையோ இருந்த பெண்களில் 20.4 வீதமானவர்கள் வாழ்நாளில் ஒரு தடவையாவது அவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள். ஐந்தில் ஒருவர். உங்கள் சங்கக் கூட்டத்தில் வரிசையாக இருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

முதலில் திருவிழா அடிபாட்டை முடித்துவிடுகிறேன். அது இலேசு.

பிரித்தானியாவில் கார்டிஃப் நகரத்தில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர், போத்தலும் கிளாசும் கிழித்த முகங்களைத் தைத்துத் தைத்துக் களைத்து ஒரு விசயத்தைக் கவனித்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த அடிபாடுகளில் பெருமளவு பொலிசுக்கே போகவில்லை. அதனால் காயப்பட்டு வருகிறவரிடம் எந்த இடம், எத்தனை மணி, எதனால் அடித்தது என்று கேட்டு எழுதவைத்தார். பெயர்களை எடுத்துவிட்டு அந்தத் தகவலைப் பொலிசுக்கும் மாநகர நிர்வாகத்துக்கும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். எந்த மதுக்கடைக்கு முன்னால், எந்த நேரத்தில் என்று தெரிந்தபின் பொலிஸ் அங்கே நின்றது, உடைந்தாலும் வெட்டாத கிளாஸ் வந்தது. இதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டு 2011 இல் வெளியான ஆய்வில், வன்முறைக் காயங்களுக்காக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டவர்கள் கார்டிஃபில் 42 வீதம் குறைவு. யாருக்கும் புத்தி சொல்லி வந்த குறைவு இல்லை அது.

உங்கள் குழு இதைச் செய்யலாம். கடந்த நாலைந்து திருவிழாக்களிலும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளிலும் அடிபாடு எங்கே, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான் பந்தயம் கட்டுவேன், இசைக்குழு முடிந்து வாகனம் வராமல் இரண்டு ஊர்ப் பொடியன்களும் ஒரே சந்தியில் நிற்கிற அந்த முக்கால் மணி நேரமாகத்தான் இருக்கும். அந்தச் சந்திக்கு ஒரு லைற். பக்கத்து ஊர்க்காரருக்கு முதலில் போகிற ஒரு பஸ். அன்றைக்குச் சோடாவைக் கண்ணாடிப் போத்தலில் விற்பதில்லை என்று கடைக்காரரோடு ஓர் இணக்கம். இரண்டு கழகத் தலைவர்களும் அந்த நேரத்தில் சேர்ந்து நிற்பது. இவ்வளவையும் மன்னிப்பு, தண்டம் ஒன்றும் இல்லாமல் செய்யலாம்.

ஆனால் இந்தக் கொப்பியை நாலாவது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். கார்டிஃபில் பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். 140 குடும்பத்தில் "ஒழுங்கையில் ஒரு வீடு" என்று சொன்னாலே அவளுடைய மாவுக்கட்டு எல்லார் கண்ணுக்கும் முன்னால் வந்துவிடும். குழுவில் பேசுகிற விசயம் அன்றைக்குப் பின்னேரமே கரையில் மீனவர் கூடுகிற வாடிக்குப் போகும், வாடியில் அவர் இருப்பார். அதனால் சந்தியின் கதையை எல்லாருமாகப் பேசுங்கள். வீட்டுக் கதையை ஒருவரே வைத்திருக்கவேண்டும். எல்லாரும் தங்கள் துண்டை அவரிடம் கொடுக்கலாம், அவர் திருப்பி ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். யார் அது? குடும்பநல மாதுவைத்தான் நான் பெரும்பாலும் சொல்வது. அவர் எந்த வீட்டுக்குள் போனாலும் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நீங்களாகவும் இருக்கலாம். தலைவராக இருக்கக்கூடாது. அவர் நல்லவர்தான், ஆனால் நல்லவர்களுக்கு இரகசியம் பாரமாக இருக்கும்.

ஊர் முழுவதும் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. ரேடியோவைக் கூட்டி வைப்பதற்குப் பதிலாக வெளியே வருவது. இந்தியாவில் 2008 இல் ஒரு பெரிய பிரசாரம் நடந்தது. பக்கத்து வீட்டில் அடிச்சத்தம் கேட்டால் போய் மணியை அடி, கொஞ்சம் பால் இருக்கிறதா என்று ஏதாவது ஒன்றைக் கேள், அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கைகளில் மணி இல்லை, வேலிதான். படலையடியில் நின்று "பிள்ளை, எங்கட கோழி உங்கட வளவுக்குள்ள வந்ததே?" என்று கூப்பிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கோழி எங்கே வரும் என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியட்டும். ஓங்கிய கை அந்த இடத்தில் ஒருதரம் நிற்கும். தனியே போகவேண்டாம், இரண்டு பேராகப் போங்கள், படலைக்கு உள்ளே போகாதீர்கள். கத்தி, மண்ணெண்ணெய் என்று ஏதும் காதில் விழுந்தால் கோழியை விட்டுவிட்டு 119 ஐ அழையுங்கள். காயம் என்றால் 1990, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

எந்த அடி எந்த அளவுக்கு ஆபத்து என்பதில் ஊருக்கு ஒரு பிழையான கணக்கு இருக்கிறது. இரத்தம் வந்தால் பெரிது, வராவிட்டால் சின்னது என்று. நான் அதிகம் பயப்படுவது கழுத்தைப் பிடித்ததற்கு. அமெரிக்காவில் 2008 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, முன்பு துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவராலேயே கொல்லப்படும் சாத்தியம் ஏழு மடங்குக்கும் மேல். தோலில் ஓர் அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். குரல் கரகரத்துப் போவது, விழுங்க நோவது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி, கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று ஞாபகம் இல்லாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டொக்டரிடம் போகவேண்டும். "உன்னைக் கொண்டுபோட்டு நானும் சாவன்" என்பதைக் குடிப்பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். கர்ப்பகாலத்தில் அடிப்பதையும் அப்படித்தான். எல்லாவற்றையும் விடக் கவனமாக இருக்கவேண்டிய நேரம் அவள் வீட்டை விட்டுப் போகத் தீர்மானித்த நேரம். "அம்மா வீட்டை போ" என்று ஊரார் இலேசாகச் சொல்லிவிடுவார்கள். எந்த நாள், எந்த நேரம், யாரோடு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தா வீட்டிலிருந்தா என்று திட்டம் போடாமல் அவளைக் கிளப்பிவிடாதீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், இவை ஒரு பையில் உங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தால் போதும்.

இனிப் பொலிஸ். "சமாதானமாப் போங்கோ" என்று அனுப்புவது நடக்கிறது, நான் மறுக்கவில்லை. அதனால்தான் என்ன கேட்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போகவேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அவளே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை உடனே போடலாம், 14 நாளுக்குள் விசாரணை. பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. அவர் வீட்டுக்குள் வரக்கூடாது, அவளைப் பின்தொடரக்கூடாது, வேலைத்தலத்துக்குப் போகக்கூடாது என்று தடுக்கலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் தலைவர் சொன்ன அதே 10,000 தான். ஆனால் அதைக் கேட்பது நீதவான், வாங்குவது அரசாங்கம்.

பல பெண்கள் பயப்படுவது இது விவாகரத்து வழக்கு என்று நினைத்து. இல்லை. தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். அடி நிற்கவேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அடித்ததற்கான குற்றவழக்கு வேறு, அது தனியே போகும். இந்தச் சட்டம் புருசன் பெண்சாதிக்கு மட்டுமானதும் இல்லை. ஐஸ் போதைப்பொருளுக்குக் காசு கேட்டு மகன் அடிக்கிற தாயும் இதே கட்டளையைக் கேட்கலாம். அப்படிப்பட்ட தாய்மார் இப்போது என்னிடம் அதிகம் வருகிறார்கள், வாசலில் நின்று திரும்பிப் போகிறவர்கள் அதைவிட அதிகம்.

போகும்போது அவளோடு ஒருவர் போகவேண்டும். சிறுவர் மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, அரசியலமைப்பில் இருக்கிறது, யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. சிங்களத்தில் எழுதி "இதில சைன் வையுங்கோ" என்றால் வாசித்து விளங்கப்படுத்தும் வரை வைக்கவேண்டாம். ஒரு பெண்ணின் "அடித்தார்" என்பது "வாய்த்தர்க்கம் ஏற்பட்டது" என்று மாறிக் கிடந்ததை நானே கண்டிருக்கிறேன். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். ஏற்க மறுத்தால் திகதி, நேரம் எழுதிக்கொண்டு மகளிர் உதவி இலக்கமான 1938 க்குச் சொல்லுங்கள். மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னால் நான் சம்மதிக்கமாட்டேன். வேலிச் சண்டைக்கும் கடனுக்கும் அந்தச் சபை நல்லது. ஒருவர் மற்றவருக்குப் பயந்து நடுங்கும்போது நடுவில் நிற்க இடமில்லை.

பொலிசுக்கு முன்னமே போகக்கூடிய கதவுகளும் உண்டு. பட்டினமும் சூழலும் என்றாலும் குச்சவெளி என்றாலும் உங்கள் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் "நட்பு நிலையம்" என்று இதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் மிதுரு பியச. மாவுக்கட்டு வெட்டப் போகிற நாளில் தாதியிடம் அதைக் கேட்டால், புருசனை வெளியே நிறுத்திவிட்டுத் தனியே பேச அதைவிட நல்ல சாட்டு கிடையாது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு, திருகோணமலையிலும் அலுவலகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அடி விழுந்தால் 1929.

அவரைப் பற்றியும் எழுதவேண்டும். ஊர் அவரைக் குடிகாரன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டது. குடி நெருப்பில் எண்ணெய், சரி. ஆனால் அதே வெறியோடு சம்மாட்டியின் படகில் ஏறினால் வலையைப் பக்குவமாகத்தான் மடிக்கிறார், சம்மாட்டிக்கு முன்னால் குரல்கூட உயர்வதில்லை. யாரிடம் கை நீட்டலாம், யாரிடம் நீட்டக்கூடாது என்று வெறியிலும் அவருக்குத் தெரிகிறது. அதைச் சொல்லிக் கொடுத்தது ஊர். உங்கள் மகனும் என் மகனும் அதே ஊரில்தான் வளர்கிறார்கள்.

ஆகவே அவரிடம் பேசவேண்டியது அவர் மதிக்கிற ஓர் ஆண். சம்மாட்டியாக இருக்கலாம், மூத்த மச்சானாக இருக்கலாம். தனியே, பகலில், வெறி இல்லாத நேரத்தில். "நீ செய்யிறது எனக்குத் தெரியும். அது பிழை. இனி நடந்தா நான் பொலிஸில சாட்சி சொல்லுவன். குடியை விடவேணும் எண்டால் கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்." இவ்வளவு போதும், கட்டிப்பிடித்து அழவும் வேண்டாம், காதைப் பொத்தி அறையவும் வேண்டாம். ஆனால் ஒன்று, அவளிடம் கேட்டு அவள் சரி என்றால் மட்டும். கேட்காமல் பேசினால் "நீதானே போய்ச் சொன்னனீ" என்று அவளுக்குத்தான் விழும்.

பேச்சால் என்ன வரும் என்று பொடியன்கள் கேட்பார்கள். உகண்டாவின் கம்பாலாவில் "சாசா" என்றொரு வேலைத்திட்டம், சுவாஹிலியில் "இப்போது" என்று பொருள். அந்தந்த இடத்துச் சாதாரண ஆண் பெண்கள், சந்தையில், முடிவெட்டும் கடையில், அயல் வீட்டு முற்றத்தில், வீட்டுக்குள் யாருக்கு அதிகாரம், அதை எப்படிப் பாவிக்கிறோம் என்று பேசிப் பேசியே வேலை செய்தார்கள். எட்டுப் பகுதிகளை எடுத்து, நாலில் செய்து நாலில் செய்யாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்ததன் முடிவு 2014 இல் வெளிவந்தது. வேலை நடந்த இடங்களில் கடைசி ஒரு வருடத்தில் துணைவரிடம் அடிவாங்கிய பெண்கள் 52 வீதம் குறைவு. இதற்கு வருடக்கணக்கில் வேலை செய்தார்கள், ஒரு பொதுக்கூட்டமும் ஒரு பனரும் போட்டுவிட்டுப் போகவில்லை. எங்கள் பக்கம் நவம்பர் 25 வந்தால் செம்மஞ்சள் றிபன் குத்திப் படம் எடுத்துவிட்டுக் கலைந்துபோவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரரின் பேச்சையும் தள்ளிவிடாதீர்கள். ஊர்வம்பு என்று அவர் சொல்வதில் பயமும் இருக்கிறது. அவரும் அந்த மனிசரும் ஒரே கரையில் படகு இழுக்கிறவர்கள். என்ன செய்யப்போகிறீர்கள், என்ன செய்யப்போவதில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள். கோழி தேடிப் படலையடிக்குப் போகிற இரண்டு பேரில் ஒருவராக அவரையே கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது.

குழாயடியில் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "கை எப்பிடி?" என்று தொடங்காதீர்கள், அதற்குக் கிணத்தடி என்ற பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. "ஏன் இன்னும் அவனோட இருக்கிறாய்" என்று கேட்கவே வேண்டாம். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "எங்கட வீட்டுக்குச் சத்தம் கேக்கிறது. உன்னில பிழை இல்லை. எந்த நேரம் எண்டாலும் எங்கட படலை திறந்திருக்கும், நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சொல்லுங்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவாள். "விசர்க்கதை கதைக்காதையுங்கோ அக்கா" என்று சினக்கவும் கூடும். குடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த கிழமை திரும்பவும் சொல்லுங்கள். என்னிடம் வந்தவர்களில் முதல் தடவையிலேயே வாய் திறந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் முன்பள்ளியில் வையுங்கள். படகுகள் கடலில் நிற்கிற காலை நேரமாகப் பாருங்கள், ஆம்பிளைகள் தொழிலுக்குப் போகாத நாளில் வேண்டாம். அழைப்பில் "வன்முறை" என்ற சொல்லைப் போடாதீர்கள், அந்தப் பிள்ளை அதைப் பார்த்தால் தன்னைப் பற்றித்தான் என்று பயந்துவிடுவாள். திருவிழாச் சந்திக்கு லைற் போடுவது பற்றி என்று எழுதுங்கள், அதுவும் பேசத்தானே போகிறீர்கள்.